வீட்டுப் பாலுக்கு எந்த வெள்ளாடு? செட்டிநாட்டில் வளர்த்துப் பார்த்த இனங்களின் மதிப்புரை

செட்டிநாட்டு ஊர்களில் வீடுகள் பெரியவை. அவற்றில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று சுருங்கிவிட்டார்கள். அத்தகைய வீட்டில் ஒரு கறவைப் பசுவைக் கட்டினால், தேவைக்கு மேல் மிஞ்சும் பாலை விற்க ஆள் தேட வேண்டும், வைக்கோல் வாங்கி அடுக்க வேண்டும், வயதான காலத்தில் அவ்வளவு பெரிய உயிரை அவிழ்க்கவும் கட்டவும் உடலில் வலு வேண்டும். இரண்டு வெள்ளாடுகள் என்றால் இந்தச் சுமைகள் இல்லை. காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று வீட்டுக்கு வேண்டிய அளவே பால் கிடைக்கும். மூன்றாம் கட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டமும் கிணற்றடியும் அவற்றுக்குப் போதுமான இடம்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலும், கானாடுகாத்தான், கோட்டையூர் ஆகிய ஊர்களில் எங்கள் உறவினர் வீடுகளிலும் வளர்ந்த தலைச்சேரி, ஜமுனாபாரி, பர்பரி, சானேன் கலப்பு, நம் நாட்டு ஆடுகளான கன்னி, கொடி ஆகியவற்றைப் பற்றிய மதிப்புரை இது. வீட்டுக்குப் பால் வேண்டும் என்பவர்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். கிடாய்க் குட்டிகளைக் கொழுக்க வைத்து விற்க நினைப்பவர்களுக்கு இந்த வரிசை முற்றிலும் வேறாக அமையும்.

இனங்களைப் பற்றிச் சொல்லுமுன், எதைக் கொண்டு அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆடு விற்பவர்கள் எல்லோரும் "எத்தனை லிட்டர் கறக்கும்" என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண்ணும் பொய்யன்று. ஆனால் அது குட்டி ஈன்ற ஒன்றிரண்டு மாதங்களில் கறவை உச்சத்தில் இருக்கும்போது கிடைக்கும் அளவு. அதன் பிறகு பால் படிப்படியாகக் குறையும். ஆடு மறுபடியும் சினைப்பட்டால் ஐந்து மாதம், அதாவது ஏறத்தாழ 150 நாள், வயிற்றில் குட்டியைச் சுமக்கும். அந்தக் காலத்தின் கடைசி இரண்டு மாதங்களில் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆகவே ஓர் ஆட்டின் மதிப்பை அதன் உச்ச நாளைக் கொண்டு அளப்பதைவிட, ஆண்டில் எத்தனை மாதம் அடுப்பில் அதன் பால் காய்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே வீட்டுக்காரருக்குப் பொருந்தும். இதனுடன் இன்னும் இரண்டு கேள்விகள் சேரும். பங்குனி முதல் ஆவணி வரை நம் செம்மண் காட்டில் கிடைக்கும் குழையைத் தின்று அந்த ஆடு உடம்பு கெடாமல் இருக்குமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சளி பிடிக்காமல் நிற்குமா? இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சந்தையில் மலிவாகத் தோன்றும் ஆடு வீட்டில் விலை மிகுந்ததாகிவிடுவதும், அதற்கு நேர்மாறாக ஆவதும் புரியும்.

தலைச்சேரியிலிருந்து தொடங்குகிறேன். இது கேரளத்தின் வட மாவட்டங்களான கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளின் ஆடு. மலபாரி என்றும் பெயர் உண்டு. உள்ளூர் ஆடுகளோடு அரபு வணிகர்கள் கொண்டுவந்த ஆடுகளும் சுர்தி முதலிய பிற இந்திய ஆடுகளும் கலந்து உருவான இனம் என்பதால் ஒரே நிறம் என்று சொல்ல முடியாது: வெள்ளை, கறுப்பு, பழுப்பு, இவற்றின் கலவை என்று எல்லா நிறத்திலும் வரும். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதை நெடுங்காலமாக வளர்த்து வருவதால், தமிழ்நாட்டில் ஓரளவு எங்கும் கிடைக்கும் கறவை ஆடாக இது ஆகிவிட்டது.

நல்ல தலைச்சேரி ஒன்று நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை கறக்கும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டு ஆடுகளில் இரட்டைக் குட்டிகளுக்கு விட்டது போக, முதல் இரண்டு மாதம் முக்கால் லிட்டரை ஒட்டியும், குட்டிகள் மூன்றாம் மாத முடிவில் பால் மறந்த பிறகு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பின்பு மெல்லக் குறைந்து அரை லிட்டருமாகக் கிடைத்தது. இந்த அளவு கேட்பதற்குச் சிறியது. ஆனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் காலைக் காப்பி, மாலைத் தேநீர், ஒரு கிண்ணம் தயிர் ஆகியவற்றை அது நிறைவாகத் தந்துவிடுகிறது. இந்த ஆட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். வெயில் ஏறினால் நிழலுக்குப் போய் அசைபோடும். இறங்கினால் எழுந்து தின்னும். தீனி மாறினாலும் ஒன்றிரண்டு நாளில் பழகிக்கொள்ளும். கறவை சட்டென்று அறுந்துபோவதில்லை. பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனுவதால் ஆண்டுதோறும் ஒரு பெட்டைக் குட்டியாவது வீட்டில் தங்கும் வாய்ப்பு உண்டு. காம்புகள் நடுத்தர அளவில் இருப்பதால் கை பழகாதவர்களும் சில நாளில் கறக்கக் கற்றுக்கொள்ளலாம்.

குறை இல்லையா என்றால் உண்டு. தலைச்சேரி என்ற பெயரில் விற்கப்படும் ஆடுகளுக்குள் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இறைச்சிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்த ஆடு, உடல் வாட்டசாட்டமாக இருந்தும் குட்டி வளர்ப்பதற்கு மேல் பால் தராது. எனவே இந்த இனத்தை வாங்குகிறவர் ஆட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயைப் பார்க்க வேண்டும், அல்லது ஈன்று கறவையில் இருக்கும் ஆட்டையே குட்டிகளோடு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் கட்டினால் இருமல் பிடிப்பதும் இதற்கு உண்டு. பரண் போட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

ஜமுனாபாரியைப் பற்றி எழுதும்போது அதன் தோற்றத்தை முதலில் சொல்லாமல் இருக்க முடியாது. வளைந்து புடைத்த மூக்கு, ஒரு சாணுக்கு மேல் நீண்டு தொங்கும் காது, பின்தொடையில் அடர்ந்த மயிர், நெடிய கால்கள்: வாசலில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனையும் சம்பலும் அறுத்த பள்ளத்தாக்குகளின் முள்ளுப் புதர்களில் மேய்ந்து வளர்ந்த இனம் இது. ஆங்கிலேயர் இதைக் கொண்டுபோய்த் தங்கள் ஆடுகளோடு சேர்த்து உருவாக்கியதே இன்று உலகெங்கும் உள்ள ஆங்கிலோ நூபியன். நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்பது இந்த இனத்தின் நல்ல ஆடுகளுக்கு உரிய அளவு. காம்பு நீளமாகவும் கைக்கு அடக்கமாகவும் இருப்பதால் கறப்பதற்கு இதைப் போல எளிதான ஆடு வேறில்லை.

முள் புதர் தின்று பழகிய ஆடு என்பதால் நம் வேலிக்கருவைக் காட்டுக்கு இது பொருந்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் அவிழ்த்துவிட்டு மேய்க்க ஆள் இருந்தால்தான் அந்தப் பொருத்தம் பயன்படும். ஜமுனாபாரி நடந்து, தலை உயர்த்தி, இலையைத் தேர்ந்து தின்னும் ஆடு; நாள் முழுவதும் கட்டிவைத்து முன்னால் தழையைத் தொங்கவிட்டால் அதன் தீனி குறைகிறது, தீனியோடு பாலும் குறைகிறது. கோட்டையூர் உறவினர் வீட்டில் மேய்க்க வந்த பெரியவர் வேலையை விட்ட பிறகு, அங்கிருந்த ஜமுனாபாரி ஒரே கோடையில் எலும்பு தெரிய இளைத்தது. "ஆச்சி, இது கட்டுத்தறிச் சாதி இல்லை, காட்டுச் சாதி" என்று அந்தப் பெரியவர் போகும்போதே சொல்லியிருந்தார். இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்த ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனும். முதல் ஈத்துக்கே காலம் எடுத்துக்கொள்ளும். பின்னங்காலில் எழுந்து நின்றால் சுற்றுச்சுவருக்கு மேல் தலை வரும் உயரம் இருப்பதால், பக்கத்து வீட்டு முருங்கையும் நம் வீட்டுத் தென்னங்கன்றும் ஒருபோதும் பாதுகாப்பாக இருக்கா.

விலையும் கூடுதல். அந்த விலைக்கு வாங்குவது தூய ஜமுனாபாரிதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நீண்ட காது இருந்தாலே அந்தப் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய ஆட்டின் காது நீளமாக இருந்ததே தவிர, வளைந்த மூக்கும் இல்லை, தொடை மயிரும் இல்லை. ஈன்ற பிறகு குட்டிக்கு மேல் கால் லிட்டர்கூட மிஞ்சவில்லை. காது, மூக்கு, தொடை மயிர் ஆகிய மூன்றும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தோட்டம் பெரிது, மேய்க்க நம்பிக்கையான ஆள் உண்டு, ஆண்டுக்கு ஒரு குட்டி போதும் என்பவர்களுக்கு மட்டும் இந்த ஆட்டைப் பரிந்துரைப்பேன்.

பர்பரி இதற்கு நேர் எதிரானது. ஆக்ரா, மதுரா, எட்டா பகுதிகளின் சிறிய உடல் கொண்ட இனம். நிமிர்ந்து நிற்கும் சிறிய காதும், வெள்ளை உடலில் பழுப்புப் புள்ளிகளும், மான்குட்டி போன்ற முகமும் கொண்டது. நகரத்துச் சந்துகளில், வீட்டு முற்றத்தில் கட்டி வளர்க்கப்பட்டே பெயர் பெற்ற ஆடு. மதுராவுக்கு அருகில் மக்தூமில் 1979-இல் தொடங்கப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஜமுனாபாரியோடு இதையும் பேணி வருகிறது. கட்டிப்போட்டு வளர்க்க வேண்டும், மேய்க்க ஆளே கிடையாது, வீட்டில் இருப்பவர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள் என்ற நிலையில் இதைவிடப் பொருத்தமான ஆடு எனக்குத் தெரியாது. கானாடுகாத்தானில் எங்கள் அத்தை இதைத்தான் வைத்திருக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டிவிடக்கூடிய சிறிய உடல், முட்டாது, கத்தாது. நன்றாகப் பராமரித்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டு வயதைத் தாண்டியவுடன் முதல் குட்டி ஈன்றுவிடும். அடுத்தடுத்த ஈத்துகளும் விரைவாக வரும். இரட்டைக் குட்டி இயல்பு.

பால் நாளைக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் என்று சொல்லப்படுகிறது; குட்டிக்குப் போக அத்தைக்குக் கிடைப்பது அரை லிட்டருக்குள். கறவைக் காலமும் ஐந்து மாதத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்தச் சிறிய உடலுக்கு அது தின்னும் தீனியையும் சேர்த்துப் பார்த்தால் இது குறைவன்று. உண்மையான குறை காம்பில் இருக்கிறது: பெரிய கை உள்ளவர்கள் இரண்டு விரலால் மட்டுமே கறக்க முடிகிற அளவுக்கு அது சிறியது, மடியை முழுவதும் வடிக்கப் பொறுமை வேண்டும். மடியில் பாலை மிச்சம் விட்டுவிட்டு எழுந்தால் அடுத்த வேளைக் கறவை குறையும், மடிநோய்க்கும் வழி பிறக்கும்.

சானேன் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஆனால் இங்கே சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கில் தோன்றிய வெண்ணிற ஆடு. தன் நாட்டில் நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் கறப்பது அதற்கு இயல்பு. வெளிறிய தோல் என்பதால் கடும் வெயில் அதற்கு ஆகாது. காரைக்குடிப் பக்கம் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்களில், உறவினர் வீட்டுச் சானேன் கலப்பு ஆடு பகல் முழுவதும் வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது; அடர்தீவனத்தைத் தொடவில்லை; பால் பாதிக்கும் கீழே போனது. மின்விசிறியும் ஈரச் சாக்கும் கட்டித்தான் அதைக் காப்பாற்றினார்கள். மார்கழி, தையில் அதே ஆடு பாத்திரம் நிறையக் கறந்ததை நானே பார்த்திருக்கிறேன் என்பதால் இனத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு உரிய இடம் உதகையும் கொடைக்கானலும். பீட்டல் பஞ்சாபின் குருதாஸ்பூர், அமிர்தசரஸ் பகுதிகளின் சிறந்த கறவை ஆடு. நம் பக்கத்தில் நம்பத்தகுந்த பீட்டல் கிடைப்பது அரிதாக இருப்பதால் அதை மதிப்பிட நான் முனையவில்லை.

நம் தென்மாவட்டங்களின் கன்னி, கொடி ஆடுகளைப் பாலுக்காக வாங்க வேண்டாம். முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் பால்கன்னியும், செந்நிறக் கோடு ஓடும் செங்கன்னியும், கொடி ஆட்டில் வெள்ளை உடலில் கறுப்பு தெளித்த கரும்போரையும், சிவப்பு தெளித்த செம்போரையும் வறட்சியைத் தாங்குவதில் ஈடு இணையற்றவை; கன்னி இரண்டு, சில வேளை மூன்று குட்டியும் ஈனும். அந்தக் குட்டிகளுக்கே அதன் பால் சரியாக இருக்கும். குட்டியின் வயிற்றைக் காயவைத்து நாம் குடிப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு யோசனை உண்டு: நல்ல கன்னிப் பெட்டையைத் தலைச்சேரிக் கிடாயோடு சேர்த்துப் பிறக்கும் பெட்டைக் குட்டிகள், தாயின் தாங்கும் திறனோடு சற்றுக் கூடுதல் பாலும் தருவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் இந்த வழியில் தொடங்கலாம்.

எந்த இனமாக இருந்தாலும் ஒற்றை ஆட்டை வாங்காதீர்கள். வெள்ளாடு கூட்டத்தில் வாழும் உயிர். தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியில் மனம் செல்லாது. அதைவிட முக்கியமான காரணம், இரண்டு ஆடு இருந்தால்தான் ஈத்தை மாற்றி மாற்றி அமைத்து ஆண்டு முழுவதும் பால் பெற முடியும். ஒன்றை ஆடியில் கிடாய்க்கு விட்டால் மார்கழியில் ஈனும். அப்போது அடைமழை ஓய்ந்திருக்கும், காடெல்லாம் பச்சை இருக்கும், குட்டிகள் நன்றாகத் தேறும். மற்றொன்றைத் தையில் விட்டால் ஆனியில் ஈனும். முன்னது வற்றத் தொடங்கும்போது இது கறவைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் குட்டி விழுவது போல மட்டும் கணக்கு வைக்கக் கூடாது. அந்த ஈரத்தில் இளங்குட்டிகளைக் காப்பது மிகவும் கடினம்.

இங்கேதான் கிடாய்ச் சிக்கல் வருகிறது. பருவத்துக்கு வந்த ஆடு 18 முதல் 21 நாளுக்கு ஒரு முறை வாலை ஆட்டிக் கத்தும். அந்த ஓரிரு நாளுக்குள் கிடாயைச் சேர்க்க வேண்டும். மாட்டுக்குக் கிடைப்பதுபோலச் சினை ஊசி ஆட்டுக்கு எல்லா மருந்தகங்களிலும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஆடு வாங்குமுன் அதே இனத்துக் கிடாய் எந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். தலைச்சேரிக் கிடாய் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தேடினால் கிடைத்துவிடுகிறது. பர்பரிக் கிடாய்க்கு அலைய வேண்டியிருக்கிறது. அத்தை இந்தக் காரணத்தாலேயே ஒருமுறை ஓர் ஈத்தை முழுவதும் இழந்தார். வீட்டிலேயே கிடாய் வைத்துக்கொள்ளலாமே என்றால், பருவக் கிடாயின் கொம்படியில் சுரக்கும் வாடை வீட்டுக்கு மட்டுமல்லாமல் பாலுக்கும் ஏறும். இரண்டு ஆட்டுக்காக அதைக் கட்டித் தீனி போடுவது தேவையற்றது.

இனி பாலைப் பற்றி. "ஆட்டுப்பால் வாடை அடிக்கும்" என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் முதல் மறுப்பு. கிடாயை விலக்கி, மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலைத் தனியே விட்டு, கறந்த உடனே வடிகட்டிக் காய்ச்சினால் அந்த வாடையை நான் உணர்ந்ததில்லை; விருந்தினர்களும் சொன்னதில்லை. மணம் மிகுந்த தழையைக் கறப்பதற்கு முன் போடாமல் கறந்த பிறகு போடுவதும் உதவுகிறது. ஆட்டுப்பாலில் கரோட்டின் நிறமி இல்லாததால் அது பசும்பாலைவிட வெள்ளையாக இருக்கும். கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. பசும்பாலில் போல ஒன்றுசேர்ந்து விரைவாக மேலே மிதப்பதும் இல்லை. அதனால் ஏடு திரட்டி வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சலாம் என்ற எண்ணத்தோடு ஆடு வாங்குபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். தயிர் இளகலாகவே உறையும். கத்தியால் வெட்டும்படி வராது. மோருக்கும் தயிர்ச் சோற்றுக்கும் அது குறையே அன்று. பால் கொழுக்கட்டைக்குத் தேங்காய்ப் பாலோடு சேர்த்தால் மிக நன்றாக இருக்கிறது. காப்பியைப் பொறுத்தவரை, தலைச்சேரிப் பாலைவிடப் பர்பரிப் பால் சற்றுத் திடமாக நிற்கிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது. புரூசெல்லா போன்ற நோய்க்கிருமிகள் காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வரும். அடுத்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பாலைக் கொடுக்கக் கூடாது. அதில் போலிக் அமிலம் மிகக் குறைவு என்பதால் குழந்தைக்கு இரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் நம்பத்தக்கதன்று. இரண்டின் புரதங்களும் நெருங்கியவை என்பதால் பெரும்பாலோருக்கு இதுவும் ஒவ்வாது. அப்பத்தா காலத்திலிருந்து "வயிற்றுக்கு லேசு" என்று சொல்லப்படுவதில் உண்மை உண்டு, ஏனெனில் வயிற்றில் அது மென்மையாகத் திரிகிறது. பால் சர்க்கரையின் அளவில் பசும்பாலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

தீனியில் செட்டிநாட்டுக்கென்றே ஒரு சாதகம் இருக்கிறது. புல் இல்லாத மாதங்களிலும் இங்கே மரம் உண்டு: வேம்பு, புளி, ஆல், அரசு, வாகை, பூவரசு. வெள்ளாடு குனிந்து புல் மேய்வதைவிடத் தலை உயர்த்திக் குழை தின்னவே விரும்பும். கிணற்றடியில் வரிசையாக அகத்தியும், வேலி ஓரமாகக் கிளிரிசிடியாவும் சூபாபுல்லும், தண்ணீர் பாயும் இடத்தில் கொஞ்சம் வேலிமசாலும் வைத்துவிட்டால் இரண்டு ஆட்டின் பசுந்தீனி வீட்டிலேயே முடியும். ஒரே தழையைத் தொடர்ந்து போடாமல் கலந்து கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் போட்ட தழையை மிதித்த பிறகு ஆடு தொடாது. கோடையில் உதிரும் வேலிக்கருவை நெற்றைப் பொறுக்கிக் காயவைத்துக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கறவையில் இருக்கும் ஆட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கு, தவிடு, உடைத்த மக்காச்சோளம், தாது உப்புக் கலவை சேர்ந்த அடர்தீவனம் வேண்டும். இதைக் குறைத்தால் எந்த இனமும் பேர் சொல்லாது.

நம் ஊர்களில் ஆடு சாவதற்கு நான் அடிக்கடி கண்ட காரணம் விருந்து. கல்யாணத்திலும் படைப்பிலும் மிஞ்சிய சோற்றை அன்போடு கொண்டுவந்து ஆட்டின் முன் கொட்டிவிடுகிறார்கள். பழக்கமில்லாத வயிற்றில் அரிசிச் சோறு அளவுக்கு மீறிச் சென்றால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, ஆடு படுத்துவிடும். பிறகு மருத்துவர் வந்தும் பயன் இல்லாமல் போகலாம். விசேஷ நாட்களில் ஆட்டுக் கொட்டிலைப் பூட்டி வைப்பதே நல்லது.

கொட்டிலுக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓர் ஆட்டுக்கு 10 முதல் 15 சதுர அடி இடம், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் சட்டங்கள் அடித்த பரண், புழுக்கை கீழே விழும் அளவுக்கும் குட்டியின் கால் சிக்காத அளவுக்கும் சட்டங்களுக்கிடையே இடைவெளி, மேலே ஓடு அல்லது கீற்று. தகரம் மட்டும் வேண்டாம், நம் வெயிலில் அது ஆட்டை வேகவைத்துவிடும். கீழே சேரும் புழுக்கை வீட்டுத் தோட்டத்துக்கு மிக உயர்ந்த எரு என்பதால், பால் கணக்கோடு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது செய்ய வேண்டியவற்றில் இரண்டை எந்நிலையிலும் விடக் கூடாது. முதலாவது, பல்லைப் பார்ப்பது. இரண்டு நிலைப்பற்கள் முளைத்திருந்தால் ஒன்றரை வயதை ஒட்டியது, நான்கு என்றால் இரண்டு வயதைத் தாண்டியது, எட்டும் நிறைந்திருந்தால் நான்கு வயதை நெருங்கியது. பல் தேய்ந்தோ விழுந்தோ இருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்கும் வேண்டாம். தலையீத்து முடிந்து இரண்டாம் ஈத்தில் குட்டியோடு நிற்கும் ஆடே வீட்டுக்கு மிகச் சிறந்தது. இரண்டாவது, விற்பவர் வீட்டுக்கே மாலையில் ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் சென்று நம் கண் முன்னால் கறக்கச் சொல்லிப் பார்ப்பது. ஒரு வேளை மட்டும் பார்த்தால், முந்தைய வேளை கறக்காமல் மடி வீங்க வைத்துக் காட்டியதாக இருக்கலாம். மடியைத் தொட்டுப் பார்க்கும்போது கறந்த பிறகு அது பஞ்சாகச் சுருங்க வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் பழைய மடிநோயின் அடையாளம். சந்தையில் இவை எதற்கும் வழியில்லாததால், கறவை ஆட்டைச் சந்தையில் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. செட்டிநாட்டில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையிலும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் முதலில் விசாரித்துவிட்டு, நம்பிக்கையான வளர்ப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வீட்டுக்கு வந்த ஆட்டைப் பழைய ஆடுகளோடு உடனே கட்டாமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுவிட வேண்டும். துள்ளுமாரித் தடுப்பூசி மழைக்கு முன்பே உடலில் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், ஆவணியிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நடக்க முடியாமல் ஆடு படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வீட்டுக்கே வரும். அந்த எண்ணைக் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.